புள்ளி எழுத்தின் வரலாறு – 7: பதினாறு வரிசையில் ஓசூர்

பிக்சல் எழுத்துரு என்பது கட்டம் போட்ட பரப்பில் எந்தக் கட்டம் எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்ற கணக்காக மட்டும் சேமிக்கப்படும் எழுத்து. அதற்கு வளைவு கிடையாது. வளைவு போலத் தோன்றுவது படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுகளைத் தடித்த கோடுகளில் வரைந்து காட்டுவது இன்று உலகெங்கும் ஒரு பழைய பாணி அலங்காரமாகிவிட்டது. விளையாட்டுச் செயலி, சட்டை, உணவகப் பெயர்ப்பலகை என்று எங்கும் எண்பதுகளின் கணினித் திரையை நினைவூட்டும் எழுத்துகள் திரும்பி வந்திருக்கின்றன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நீளும் தொழிற்பகுதியிலோ புள்ளி எழுத்து போனால்தானே திரும்பி வருவதற்கு? கடை வாசலில் ஓடும் எல்இடி போர்டு, லாரி ஓட்டுநர் கையில் இருக்கும் விலைச்சிட்டையின் நகல், மாம்பழக்கூழ் டின்னின் அடியில் உள்ள தேதி, வண்டிச் சட்டத்தில் பதிந்த எண் எல்லாம் இங்கே இன்றும் புள்ளிகளால்தான் எழுதப்படுகின்றன. இவற்றுள் தமிழ் எங்கே நுழைந்தது, எங்கே நுழையவில்லை, நுழைந்த இடத்தில் ஏன் தடித்த எழுத்தாக மாறத் திணறியது என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

தடித்த பிக்சல் எழுத்தின் பிறப்பு அழகுணர்ச்சியால் நேர்ந்ததன்று. 1976-இல் அட்டாரி நிறுவனத்தின் ‘குவிஸ் ஷோ’ என்ற காசுபோட்டு ஆடும் விளையாட்டுக்காக எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்துத் தொகுதி வரையப்பட்டது. அதில் நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளி அகலம். படுத்த கோடுகள் ஒரே புள்ளி. காரணம் அன்றைய படக்குழாய்த் திரை. மின்கதிர் இடமிருந்து வலமாக ஓடும்போது படுத்த கோட்டை நிதானமாக வரைந்துவிடும். ஒற்றைப் புள்ளி அகலமுள்ள நிமிர்ந்த கோட்டில் ஒரு நொடிப்பொழுதுகூடத் தங்காமல் கடந்துவிடும். அதனால் நிமிர்ந்த கோடு மங்கித் தெரிந்தது. அதை இரட்டிப்பாக்கியதும் பளிச்சென்று நின்றது. பிறகு வந்த ஜப்பானிய நிறுவனங்களின் விளையாட்டுகளும் இதே அமைப்பைப் பின்பற்றியதால், ஒரு தொழில்நுட்பக் குறைக்குச் செய்த வைத்தியம் ஒரு காலத்தின் முகமாயிற்று.

1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி 512-க்கு 342 புள்ளித் திரையோடு வந்தபோது, அதன் பட்டியல்களுக்கு சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துருவும் இரட்டைப் புள்ளி நிமிர்கோடுகளைக் கொண்டது. அதில் இன்னொரு வசதி இருந்தது. பயன்படுத்த முடியாத கட்டளைகளை மங்கலாகக் காட்ட, ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை அழித்துவிடுவார்கள். அப்படிப் பாதி புள்ளிகள் போன பிறகும் சிகாகோவைப் படிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு சூசானா லிச்கோ அதே கணினியில், புள்ளியை மறைக்க முயலாமல் புள்ளியையே அழகாகக் காட்டும் எழுத்துருக்களை வரைந்தார். பிக்சல் எழுத்து ஒரு பாணியாக எண்ணப்படத் தொடங்கியது அப்போதுதான். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ போன்றவை அந்த எட்டுப் புள்ளி மரபின் பேரப்பிள்ளைகள். அவை ஆங்கிலம், கிரேக்கம், ருசியம் வரை வரும், தமிழுக்கு வராது. வராததற்குக் கவனக்குறைவு ஒரு காரணம் என்றால், எட்டு வரிசையில் தமிழ் உட்காராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தமிழ் எழுத்து மூன்று மாடி உயரம் கேட்கும். நடுமாடியில் எழுத்தின் உடல். மேல்மாடியில் மெய்யின் புள்ளி, கி, கீ போன்றவற்றின் கொக்கி. கீழ்மாடியில் மு, கு, ழு, பூ ஆகியவற்றின் வால். உடலுக்கு எட்டு வரிசை, மேலே நான்கு, கீழே நான்கு என்று வைத்தாலும் பதினாறு வரிசை ஆகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏழு வரிசையில் முழுதாக நின்றுவிடுவதை இதோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கையும் கூடுதல்: 247 எழுத்து என்பது இலக்கணக் கணக்கு, ஒட்டும் துணைக்குறிகளைத் தனியே பிரித்து வைத்தால் நூற்றுச்சொச்சம் வடிவங்கள் போதும். ஆனாலும் டி, டீ, கு, கூ, து, தூ என்று ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தே தீர வேண்டும். எந்த வாய்பாடும் அங்கே உதவாது.

உயரத்தை விடக் கடினமானது உள்ளே இருக்கும் வெற்றிடம். பள்ளியில் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சொல்லிக் கொடுப்பது இங்கேதான் பொருள் பெறுகிறது. ணகரத்தின் நடுவே கிடையாக ஒரு கோடு இழுத்தால் அது எழுத்தின் நிமிர்கோடுகளைக் குறைந்தது ஐந்து இடங்களில் வெட்டும். ஒற்றைப் புள்ளிக் கோடு, ஒற்றைப் புள்ளி இடைவெளி என்று வைத்தால் ஒன்பது நெடுவரிசைக்குள் எழுத்தை முடித்துவிடலாம். கோட்டை இரண்டு புள்ளியாகத் தடிக்க வைத்து இடைவெளியை ஒன்றாகவே விட்டால் பதினான்கு. இடைவெளியையும் இரண்டாக்கினால் பதினெட்டு. அதாவது தமிழில் ஓர் எழுத்தைத் தடிக்க வைப்பது, அதை அகலமாக்குவதற்குச் சமம். அகலம் இல்லாத இடத்தில் தடித்தால் மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கரும்பட்டையாகி, ‘மனம்’ எது ‘மணம்’ எது என்று தெரியாமல் போகும்.

ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு, கீழே சாய்ந்திறங்கும் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே. மெய்யின் தலைப்புள்ளிக்கோ ஒரு புள்ளி, தடித்த எழுத்தில் நான்கு புள்ளி. அது எழுத்தின் உடலோடு ஒட்டிக்கொண்டால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும். ஒருவகையில் இது பழைய நிலைமை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளமாகக் கிடைக்கும் நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. கல்லிலும் ஓலையிலும் எழுதியவர்கள் மெய்ப்புள்ளியைப் பெரும்பாலும் இடவில்லை. ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ரகரமும் காலும் ஓலையில் ஒரே வடிவமாகவே இருந்தன. படிப்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொண்டார். அச்சு வந்து நிலைநிறுத்திய அந்த வேறுபாடுகளைத்தான் புள்ளிப் பலகை மறுபடியும் ஆட்டம் காணச் செய்தது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை அரசாணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கை போன்ற பழைய கொம்பும், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்களின் சுருட்டலும் நீங்கி, பதின்மூன்று எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்தன. தட்டச்சுக்கும் அச்சுக்கும் செய்யப்பட்ட அந்த மாற்றத்தின் பயன் புள்ளி எழுத்துக்கும் கிடைத்தது. பழைய ‘லை’யைப் பதினாறு வரிசையில் அடையாளம் தெரியும்படி வரைவது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

அந்த அரசாணை வந்த சில ஆண்டுகளுக்குள்தான் ஓசூர் இன்றைய ஓசூராகத் தொடங்கியது. 1971-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய சிப்காட், பெங்களூரை ஒட்டிய இந்த வறண்ட மேட்டு நிலத்தில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் இங்கிருந்து முதல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், அடுத்த சில ஆண்டுகளில் ஓசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஆலைகள் வந்தால் கணக்கும் வரும், கணக்கு வந்தால் அச்சிடும் பொறியும் வரும். அந்தக் காலத்துப் பொறி டாட் மேட்ரிக்ஸ்.

1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ் 80, இந்த வகைப் பொறிக்கு உலக அளவில் முன்மாதிரி. அதன் தலைப்பகுதியில் ஒன்பது ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு இடைவெளியில் நின்றன. மைநாடாவை அவை குத்தும்போது தாளில் புள்ளி விழும். ஆங்கிலத்துக்கு ஒன்பது ஊசி தாராளம். தமிழுக்குப் பதினாறு வரிசை வேண்டும் என்பதால் தலைப்பகுதி ஒரு வரியை இரண்டு முறை ஓட வேண்டியிருந்தது: முதல் ஓட்டத்தில் மேல்பாதி, தாள் சற்று நகர்ந்ததும் இரண்டாம் ஓட்டத்தில் கீழ்பாதி. தாளை இழுக்கும் பற்சக்கரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் எழுத்தின் இடுப்பில் ஒரு வெள்ளைக்கோடு விழும். இருபத்துநான்கு ஊசிப் பொறிகள் வந்த பிறகே தமிழ் ஒரே ஓட்டத்தில் முழு உருவம் பெற்றது.

இந்தப் பொறிகளில் எழுத்தைத் தடிக்க வைக்க இரண்டு வழிகள் இருந்தன. அழுத்த முறையில், அதே எழுத்தைப் பக்கவாட்டில் மயிரிழை தள்ளி மறுபடி குத்துவார்கள். இரட்டை அடி முறையில், தாளை அங்குலத்தில் 216-இல் ஒரு பங்கு நகர்த்தி மறுபடி குத்துவார்கள். இரண்டிலும் யாரும் தடித்த எழுத்து என்று தனியே ஒன்றை வரையவில்லை. மெல்லிய எழுத்தே இருமுறை விழுந்தது. ஆங்கிலத்தின் எச் எழுத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று புள்ளி வெற்றிடம் இருக்கிறது. ஒரு புள்ளி தள்ளி அடித்தாலும் இரண்டு மிஞ்சும். ஒன்பது நெடுவரிசையில் வரைந்த ணகரத்தில் ஒற்றைப் புள்ளி இடைவெளிகள் நான்கும் அடைபட்டு, எழுத்து ஒரு கட்டையாகிவிடும். அழுத்த முறை தரும் தடிமன் பக்கவாட்டுத் தடிமன். தமிழால் கொடுக்க முடியாததும் அதுவே. பின்னால் வந்த பல கருவிகளிலும் இந்த முரண் தொடர்ந்தது.

தமிழைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் இதே காலத்தவை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். கான்பூர் ஐஐடியில் உருவாகி, 1988-இல் அமைக்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தால் பரவிய ஜிஸ்ட் அட்டை, டாஸ் கணினிக்குள் செருகப்பட்டதும் இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது. ஆனால் இந்த உழைப்பில் பெரும்பகுதி எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறியேற்றச் சிக்கலிலேயே செலவழிந்தது. 1991-இன் இஸ்கி தரமும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் தரங்களும், 2010-இன் டேஸ் 16-உம் எண்களைப் பற்றியவை; புள்ளி வடிவத்தைப் பற்றியவை அல்ல. ஜப்பான் வேறு வழியில் போனது. 24 புள்ளி எழுத்துக்கு 1983-இலும், 16 புள்ளி எழுத்துக்கு 1984-இலும் தேசியத் தரங்களை வெளியிட்டு, ஆயிரக்கணக்கான எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்றே வகுத்துவிட்டது. நெருக்கடியான எழுத்தில் எந்தக் கோட்டை விட்டுவிடலாம் என்பதையும் அங்கே வல்லுநர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தமிழில் அந்த முடிவைப் பலகை விற்பவர் எடுத்தார், அல்லது அவருடைய மென்பொருள் எடுத்தது.

ஆலைக்கு உள்ளே போனால் தமிழ் இன்னும் மெலிந்துவிடும். எடைபோடும் பொறி, கட்டுப்பாட்டுப் பெட்டி, பாலிடெக்னிக் மாணவரின் செய்முறைக் கருவி எதிலும் பார்க்கக் கிடைக்கும் பச்சை அல்லது நீல எல்சிடி, வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும். அதை இயக்குவது ஹிட்டாச்சியின் எச்டி 44780 சிப் அல்லது அதன் நகல். ஓர் எழுத்துக்கு ஐந்துக்கு எட்டு புள்ளி; உள்ளே ஆங்கிலமும் ஜப்பானியக் கதகானாவும் பதிந்திருக்கும்; பயன்படுத்துபவர் தாமாக வரைந்துகொள்ள எட்டே எட்டு இடம். ஐந்து நெடுவரிசையில் ‘ட’வும் ‘ப’வும் அழகாக வரும். ‘கு’ வராது, ‘ஞ’ வராது. ஓர் எழுத்தை இரண்டு கட்டத்தில் பரப்பினால் எட்டு இடத்தில் நான்கு எழுத்தே எழுத முடியும். ‘ஓசூர்’ என்ற ஒரு சொல்லோடு கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிடும்.

வண்டிகளில் உள்ள அடையாள எண் பதினேழு எழுத்து நீளம். கடினமான ஊசியால் உலோகத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பதிப்பது அதற்கான முறைகளில் ஒன்று. அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இடமே கிடையாது. ஒன்றும் சுழியமுமாகத் தவறாகப் படிக்கப்பட்டுவிடும் என்று பன்னாட்டுத் தரம் அவற்றை விலக்கிவிட்டது. இருபத்தாறே எழுத்துள்ள மொழியும் புள்ளிக்குள் வரும்போது சிலவற்றை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகளில் இன்னொரு வகை. பெங்களூரா என்று இங்கே வழங்கும் தோத்தாபுரி மாம்பழத்தின் கூழ் 3.1 கிலோ டின்னில் அடைக்கப்பட்டு நகரும்போது, அதன்மேல் தொகுதி எண்ணையும் தேதியையும் மைத்துளியால் எழுதுகிறார்கள். தொடர்ந்து பீய்ச்சும் மை சீரான துளிகளாக உடையும். எழுத்துக்கு வேண்டிய துளி மின்னேற்றம் பெற்று விலகி டின்னில் விழும். வேண்டாத துளி நேராகப் போய் மீண்டும் தொட்டிக்கே திரும்பும். வழக்கமான எழுத்து ஏழு துளி உயரம். இந்தப் பொறியிலும் ‘போல்டு’ என்று ஓர் அமைப்பு உண்டு. அது ஒவ்வொரு நெடுவரிசையையும் இரண்டு, மூன்று முறை திருப்பி அடிக்கும். இது அழுத்த முறையைவிட மேலானது. இடைவெளியும் கோட்டோடு சேர்ந்து விரிவதால் எழுத்து அடைபடாது, அகலமாக மட்டும் ஆகும். தமிழுக்குப் பொருந்தக்கூடிய இந்த முறை அமைந்த இடத்தில் தமிழுக்கு வேலை வரவில்லை. 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. வேறு மொழி கூடுதலாக இருக்கலாம். கூடுதலாக எழுத மைச்செலவு செய்யும் ஆலை அரிது.

தாளில் மட்டும் பழைய ஊசிப் பொறி கெட்டியாக நிற்கிறது. மாநில எல்லையில் சரக்கு கடக்கும் ஊரில் அதற்குக் காரணம் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் எல்லையின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்குக்கான விலைச்சிட்டை மட்டும் வாங்குபவர், வண்டிக்காரர், விற்பவர் என மூன்று பிரதியாகத் தொடர்ந்தது. மூன்று தாளை ஒரே குத்தில் எழுத ஊசியால்தான் முடியும். லேசர் பொறியால் கார்பனைத் தாண்ட முடியாது. பேருந்து நடத்துநர் கையில் உள்ள பொறியும் சிறு கடைகளின் பில் பொறியும் வேறு இனம்: சூடு பட்டால் கறுக்கும் தாளில், மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி, ஒரு வரிக்கு 384 புள்ளி. இருபத்துநான்கு வரிசைத் தமிழ் எழுத்து அதில் மூன்று மில்லிமீட்டர் உயரம் வரும். மொத்தத் தொகையைத் தடித்துக் காட்ட அகலம், உயரம் இரண்டையும் இரட்டிக்கும் கட்டளை பயன்படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் நான்காகிப் படிக்கட்டு வெளிப்படையாகத் தெரியும் அந்த எழுத்துதான், இன்று வடிவமைப்பாளர்கள் தேடிப்போகும் பழைய பாணித் தடித்த பிக்சலின் அசல் தோற்றம்.

தெருவுக்கு வந்தால் அளவுகோல் பத்து மில்லிமீட்டர். பி10 என்று வழங்கும் எல்இடி தகடு 320 மில்லிமீட்டர் நீளம், 160 மில்லிமீட்டர் உயரம். 32 நெடுவரிசை, 16 கிடைவரிசை, 512 விளக்கு. ஒன்றோடொன்று சேர்த்து அலுமினியச் சட்டத்தில் பூட்டினால் பலகை தயார். மருந்துக்கடை, நகை அடகுக் கடை, கோயில் திருவிழா, பேக்கரி எல்லாவற்றிலும் இதே தகடுதான், பெரும்பாலும் சிவப்பில். உயரம் பதினாறு என்பது தமிழ் கேட்கும் குறைந்தபட்ச உயரத்தோடு சரியாகப் பொருந்திப்போனது தற்செயல். அந்தத் தற்செயல் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பலகைகளில் பாதி ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கின் ஒளி சுற்றிலும் கசிவதால் ஒற்றைப் புள்ளிக் கோடே இரவில் தடித்துத் தெரியும். சிக்கல் பகலில். வெயிலில் ஒற்றைப் புள்ளி மங்கும். தடித்தால் சுழி அடைபடும். ஒரே பலகைக்குப் பகலில் ஒரு தடிமனும் இரவில் ஒரு தடிமனும் வேண்டும் என்பதை இந்த வட்டாரத்தில் பலகை மாட்டுபவர்கள் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறார்கள்.

பேருந்துகளில் பெயின்டர் எழுதிய தகர போர்டுக்குப் போட்டியாக மின்பலகை வந்தது 2008-க்குப் பிறகு. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் அந்த ஆண்டு வெளியிட்ட நகரப் பேருந்து விவரக்குறிப்பு, வழித்தடத்தை எல்இடியில் காட்டக் கோரியது. நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்ட நிதியில் வந்த பேருந்துகள் அவ்வாறே அமைந்தன. தமிழ்நாட்டில் அந்த நிதி சென்னை, கோவை, மதுரைக்கு. கர்நாடகத்தில் பெங்களூருக்கும் மைசூருக்கும். ஆகவே ஓசூர் சாலையில் அத்திப்பள்ளி வரை வந்து திரும்பும் பெங்களூர் மாநகரப் பேருந்துகளில் கன்னடம் புள்ளியில் ஒளிர்ந்தபோது, தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் போகும் தமிழ்நாட்டு வண்டிகள் பெயின்டரின் கையெழுத்தையே தாங்கிச் சென்றன. படிப்பதற்கு எது எளிது என்று கேட்டால், பகலில் பெயின்டர் பக்கம்தான் பலரும் கை தூக்குவார்கள்.

எல்லையின் இருபுறத்து எழுத்தும் இந்தப் பதினாறு வரிசையில் வெவ்வேறு திசையில் இடிபடுகின்றன. தமிழில் ‘கிருஷ்ணகிரி’ ஆறு எழுத்து. ஒற்றைப் புள்ளிக் கோட்டில் நெருக்கி எழுதினாலும் ஏறத்தாழ அறுபது, எழுபது நெடுவரிசை. இரண்டு தகட்டை நிரப்பி மூன்றாவதையும் தொடக்கூடும். ‘ஓசூர்’ ஒரே தகட்டில் அடங்கிவிடும். கன்னடத்திலோ கிருஷ்ணகிரி நான்கே எழுத்து: ‘கிரு’வின் குறி ககரத்தின் காலடியில் ஒட்டும், ஷகரத்தின் கீழே ணகரம் ஒத்தெழுத்தாகத் தொங்கும். அகலம் மிச்சமாகிறது, உயரம் போதவில்லை. தலைக்கட்டும் மேல்குறியும் உடலும் போக, தொங்கும் ஒத்தெழுத்துக்கு நான்கைந்து வரிசையே எஞ்சுவதால் அது பூச்சி போலச் சுருங்கிவிடும். இப்பகுதியில் பலரின் வீட்டு மொழியான தெலுங்குக்கும் இதே நிலைமை. தமிழ் மெய்யை அடுக்காமல் புள்ளி வைத்து வரிசையாக நிறுத்துவதால் பக்கவாட்டில் வளர்கிறது. அண்டை மொழிகள் அடுக்குவதால் கீழ்நோக்கி வளர்கின்றன. ஓடும் பலகைக்கு அகலம் ஒரு பொருட்டில்லை என்பதால், நின்ற பலகையில் தோற்கும் தமிழ் ஓடும் பலகையில் வெல்கிறது. எல்லைக் கடைகளில் தமிழ் ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடித்த தமிழ்ப் புள்ளி எழுத்தை முறையாக வரைய முற்பட்டால் செய்ய வேண்டியவை ஓரளவு தெளிவானவை. அட்டாரியின் பழைய உத்தி இங்கே பாதி மட்டும் பயன்படும்: ட, ப, ம, ய, வ போன்ற திறந்த எழுத்துகளில் நிமிர்கோட்டை இரண்டு புள்ளியாக்கலாம், ண, ன, ஞ, ஐ, ஷ ஆகியவற்றில் வெளி ஓரத்துத் தூணை மட்டும் தடித்துவிட்டு உள்கோடுகளை ஒற்றையாகவே விட வேண்டும். பார்வைக்கு எழுத்து முழுவதும் தடித்ததாகவே படும். ணகரத்தின் சுழிகளை வட்டமாக்க முயலாமல், ஒவ்வொரு சுழிக்கும் ஒரே ஒரு அணைந்த புள்ளியைக் காப்பாற்றினால் போதும். மெய்ப்புள்ளிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வரிசை கட்டாயம் இருளாக இருக்க வேண்டும். அதற்காக உடலை ஒரு வரிசை குறைத்தாலும் நட்டமில்லை. புள்ளியைச் சதுரமாக நான்கு விளக்கில் வைப்பதைவிட, கிடையாக இரண்டு விளக்கில் வைப்பது வரிசையை மிச்சப்படுத்தும். ரகரத்தின் வாலை இடப்புறமாக இன்னொரு புள்ளி நீட்டினால் காலோடு குழம்பாது. அச்செழுத்தை மென்பொருளால் சுருக்கிப் புள்ளியாக்கும்போது இந்த முடிவுகளில் ஒன்றுகூட எடுக்கப்படுவதில்லை. ஓசூர்ப் பலகைகளில் காணும் பிறழ்ந்த எழுத்துகளில் பெரும்பங்கு இப்படிச் சுருங்கி வந்தவை.

இன்னொரு பிறழ்ச்சிக்குப் புள்ளியின்மேல் பழி போட முடியாது. ஒருங்குறியில் கொம்பு, மெய்க்குப் பின்னே சேமிக்கப்படுகிறது. காட்டும்போது முன்னே இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. மலிவான கட்டுப்பாட்டு அட்டைகள் பல அந்த வேலையைச் செய்வதில்லை. கெலமங்கலம், பேரிகை, வேப்பனப்பள்ளி, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை என்று கொம்பில் தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இம்மாவட்டத்தில் நிறைய. அவை எல்லாம் கொம்பு இடம் மாறி, நடுவே புள்ளி வட்டம் முளைத்து ஓடுவதுண்டு. விவரம் தெரிந்தவர்கள் பழைய எட்டு பிட்டு எழுத்துருவில் தட்டுகிறார்கள், அல்லது கணினியில் எழுதிப் படமாக்கி அனுப்புகிறார்கள்.

குனு யூனிஃபாண்ட் இந்த நிலையில் குறிப்பிடத்தக்கது. 1998-இல் ரோமன் சிபோரா தொடங்கிய இத்தொகுதி, ஒருங்குறியின் எழுத்துகளைப் பதினாறு வரிசை உயரத்தில் புள்ளியாகவே வரைந்து வைத்திருக்கிறது. தமிழும் உள்ளது, இலவசம். ஆனால் அது மெல்லிய எழுத்து. யாரும் விடுபடக் கூடாது என்பதற்காக வரையப்பட்டது. பலகையில் ஒளிரவோ அழகாகத் தோன்றவோ வரையப்பட்டதன்று.

பலகையில் எந்த மொழிக்கு எவ்வளவு இடம் என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகள் பெயர்ப்பலகையில் தமிழுக்கு முதலிடம் கோருகின்றன. அத்திப்பள்ளிக்கு அப்பால், 2024-இன் திருத்தச் சட்டப்படி பலகையில் அறுபது விழுக்காடு கன்னடம், அதுவும் மேற்பகுதியில். பதினாறு வரிசைத் தகட்டில் மேல்கீழாக இரண்டு மொழி வைக்க வழியில்லாததால், மொழிக்கொரு தகட்டு வரிசை என்று பலகைகள் உயரமாகின்றன, அல்லது மொழிகள் முறைவைத்து மாறி மாறி வருகின்றன.

தகடும் மாறிவருகிறது. பி5 என்ற புதிய தகடு அதே 320-க்கு 160 மில்லிமீட்டர் அளவில் 64 நெடுவரிசை, 32 கிடைவரிசை கொண்டது. அதில் இரண்டு புள்ளிக் கோட்டில் வரைந்த ணகரம் மூன்று சுழியோடும் பதினெட்டு நெடுவரிசையில் நிற்கும். தடித்த தமிழுக்கு முதன்முறையாக உள்ளே காற்று கிடைக்கிறது. ஐபோன் உறைப் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் இந்த ஓசூர் வட்டாரத்தில்தான். அந்தப் பேசியின் திரையில் அங்குலத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கடைவீதிக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. 32 வரிசையே போதும். ஆனால் 32 வரிசைக்கென்று தமிழை மறுபடி வரைந்தால்தான் அந்த வசதி பயன்படும். கைவசம் உள்ள 16 வரிசை எழுத்தையே இரட்டித்து ஏற்றினால் ஒவ்வொரு புள்ளியும் நான்காகும், கோடு தடிக்கும், படிக்கட்டு அப்படியே இருக்கும். கட்டணம் வாங்கி ஒரே நாளில் மாட்டிக்கொடுக்கும் தொழிலில் இரண்டாவது வழிதான் விரைவானது.

(தொடரும்)